சேர்மன் வீட்டுக் குப்பை

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த அன்றே அதைத் திருடுகிறவனும் பிறந்துவிட்டான். அன்று மூண்ட அறத்துக்கும் களவுக்குமான போர் இன்றுவரை ஓயவில்லை. அந்தப் போர்க்களத்தில் மானுடத்தின் கடைசி அரணாக நிற்பவன் துப்பறிவாளன். அந்தக் கடைசி அரண் அன்று பகலில் சேர்மன் வீட்டு முன்வாசலில், சட்டைப் பொத்தானை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு, கார் இருந்த இடத்தில் கார் இல்லாததைப் பார்த்தபடி நின்றது.

விசிட்டிங் கார்டில் அவர் ‘மர்மங்களின் மன்னர்’. அதனால் ஊருக்கும் மன்னர். உதவியாளன் அவருடைய மனைவியின் தம்பி. அதாவது, வேலையை விட்டு நீக்க முடியாத இனத்தைச் சேர்ந்தவன். மன்னர் அவனை மச்சான் என்பார். நமக்கும் அவன் மச்சானாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சேர்மன் என்பவர் ஒரு காலத்தில் ஒரு குடைக் கம்பெனிக்குச் சேர்மனாக இருந்தவர். கம்பெனி மழையோடு போய்விட்டது. பட்டம் மட்டும் நனையாமல் தங்கிவிட்டது. இப்போது பழம்பெருங்கார் உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்தின் செயலாளருடைய கார் போன மாதம் திருட்டுப் போனதிலிருந்து சேர்மனுக்குத் தூக்கம் இல்லை. செயலாளர் கார் இல்லாதவர் ஆகிவிட்டதால் விதிப்படி அவரைச் சங்கத்திலிருந்து நீக்கும் வேலையும் சேர்மன் தலையில்தான் விழுந்தது. மிச்சம் இருந்த உறுப்பினர் சேர்மன் ஒருவர்தான். அவர் தன்னைக் கூட்டி, தனக்கே அறிவித்து, தானே வருத்தம் தெரிவித்துக்கொண்டார்.

சேர்மனின் கார் அவருடைய அப்பா விட்டுப்போனது. கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, தவளைக் கண் மாதிரி இரண்டு முகப்பு விளக்குகள். அதற்கு எதிரே போகிறவர்களுக்குச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்ளத் தோன்றும். தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு இறங்கினால்தான் சேர்மனுக்குப் பொழுது விடியும்.

அதைக் காப்பாற்ற மன்னரை அமர்த்தியபோது, கதவுக்கு எத்தனை பூட்டு போடலாம் என்றுதான் சேர்மன் கேட்டார். மன்னர் சிரித்தார். பூட்டு என்பது திருடனுக்கு நாம் அனுப்புகிற அழைப்பிதழ் என்றார். திருடனுக்கு ஆசை வரக்கூடாது, அருவருப்பு வர வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அதன்படி நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்டுச் சாப்பாட்டு அறையில் மேஜையைச் சுற்றிச் சாய்த்து வைக்கப்பட்டன. கார் செங்கல் அடுக்குகளின் மேல் உட்கார்ந்தது. களிமண்ணும் டீத்தூள் தண்ணீரும் கலந்து மேலே அடித்தார்கள். கண்ணாடிகளில் விரிசல் மாதிரி டேப் ஒட்டினார்கள். ஜன்னல் வழியே ஒரு கிழிந்த மெத்தையின் ஸ்பிரிங் எட்டிப் பார்த்தது. கடைசியாக, உடைந்த கழிப்பறைப் பீங்கான் ஒன்றை மன்னர் தம் கையாலேயே பானெட்டின் மேல் ஏற்றி வைத்து, ஓர் ஓவியர் தள்ளி நின்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

சேர்மன் அன்று சாப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு ரகசியச் சொல்லும் உண்டு. வீட்டிலோ போனிலோ யாரும் கார் என்ற வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. ‘குப்பை’ என்றுதான் சொல்ல வேண்டும். எதிரியின் காது எங்கும் இருக்கும் என்றார் மன்னர்.

சேர்மன் சொன்ன சொல் தவறாதவர். ஆகவே அன்று, முன்வாசல் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறிப் போலீசுக்கு போன் போட்டபோதும், தம் குப்பையைக் காணவில்லை என்றே புகார் கொடுத்தார்.  சந்தோஷம் என்றார்கள் அந்தப் பக்கத்தில். சேர்மன் விடவில்லை. அது சாதாரணக் குப்பை இல்லை, அப்பா ஆசையாக வாங்கி வைத்துவிட்டுப் போன குப்பை, தினமும் துடைத்து உள்ளே உட்காருவேன் என்று விளக்கினார். வீட்டில் பெரியவர்கள் வேறு யாராவது இருந்தால் போனைக் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் பெரியவர் அவர்தான்.

“குப்பை போனதுக்கு நான் கலங்கல சார்,” என்று மன்னரிடம் சொன்னார் சேர்மன். முடிக்குச் சாயம் போட்டுக்கொள்ள சலூனுக்குப் போயிருந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்திருந்தது. பாதியில் எழுந்து வந்ததுபோல ஒரு காது மட்டும் கறுப்பாக இருந்தது. “சாயங்காலம் என் தம்பி வர்றான். அவனுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் தெரியல.”

கதை இதுதான். அப்பா போனபிறகு, அம்மாவின் ஹார்மோனியம் ஒன்று காணாமல் போனது. அண்ணன் விற்றுவிட்டார் என்றான் தம்பி. இல்லை என்றார் அண்ணன். அதோடு பேச்சு நின்றது. தலை நரைத்து, பற்கள் போய், இருவருக்கும் பேச வேறு ஆள் இல்லாத வயதும் வந்துவிட்டது. பிரிக்காமல் மிச்சம் இருந்தது இந்தக் கார் ஒன்றுதான். கார் அப்பா விட்டுப்போனபடியே இருக்கிறது, வந்து பார் என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். கண்ணால் பார்த்தால் நம்புகிறேன் என்று தம்பி பதில் அனுப்பியிருந்தான்.

“இப்ப வந்து பாப்பான். இடம் காலியா இருக்கும். இதையும் வித்துட்டியான்னு கேப்பான். இல்லன்னு நான் சொல்றதை யாரு நம்புவா? வித்ததுக்காவது சாட்சி இருக்கும் சார். விக்காததுக்கு யாரைக் கூட்டிட்டு வர்றது?”

சேர்மன் விற்கவில்லை என்பதைச் சாயங்காலத்துக்குள் நிரூபித்துக் காட்டுவது தம் பொறுப்பு என்று மன்னர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். கை வைத்த இடத்தில்தான் பொத்தான் தவறியிருந்தது.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துத் தரையை ஆராய்ந்தார். தரை சுத்தமாக இருந்தது. சந்தேகப்படும்படி சுத்தமாக இருந்தது. கார் உட்கார்ந்திருந்த செங்கற்கள் சுவரோரமாக, மூலை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. ஓர் இலை, ஒரு தூசு இல்லை.

கால் தடங்களைத் துடைத்து அழித்திருக்கிறார்கள், இது கடல்தாண்டிச் செயல்படும் ஒரு பெரிய கும்பலின் வேலை, அவர்கள் தடயமே விடுவதில்லை என்றார் மன்னர்.

மச்சான் கேட் ஓரமாகக் குனிந்து, தரையை விரலால் தடவிப் பார்த்தான். “தடயத்தை அழிச்சாங்க, சரி அத்தான். கேட்டுக்கு வெளியில தெருவையும் கொஞ்சம் பெருக்கி விட்டிருக்காங்களே? கடல்தாண்டி வந்து நம்ம தெருவைப் பெருக்குவானா?”

“எதிரி நம்மைக் குழப்பறான்.”

“நாம ஏற்கெனவே அப்படித்தான் இருக்கோம்னு அவனுக்குத் தெரியாதா? திருடறவன் பெருக்க மாட்டான் அத்தான். என் ரூமையே நான் பெருக்கினதில்ல. பெருக்கறதுக்குக் காசு வாங்கறவன்தான் பெருக்குவான்.”

மன்னர் இதைத் தாம் முன்பே யோசித்துவிட்டதாகவும், மச்சானுக்குப் படுகிறதா என்று சோதித்ததாகவும் சொன்னார். போகிற போக்கில், காலையில் தாம் வரச் சொல்லியிருந்த ஒரு சாமானும் வந்து சேரவில்லை, இந்தக் காலத்தில் எவனுக்கும் வாக்குச் சுத்தம் இல்லை என்று அலுத்துக்கொண்டார். மாறுவேடத்தின் கடைசிக் கட்டம், முத்தாய்ப்பு என்றார். என்ன சாமான் என்று கேட்டதற்குத் தொழில் ரகசியம் என்றார்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தார். ஜன்னலோரம் மிஷின். தெருவில் நடப்பது அவர் ஊசியைத் தாண்டித்தான் நடந்தாக வேண்டும். காலையில் கொக்கி வைத்த லாரி ஒன்று வந்தது, கதவில் துடைப்பம் படம் போட்டிருந்தது, நாலு பேர் இறங்கிச் சமர்த்தாக வேலை செய்தார்கள் என்று அவர் சொன்னதாக மச்சான் வந்து சொன்னான். லாரிக்காரர்களிடம் என்ன எடுத்துப் போகிறீர்கள் என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். குப்பை என்றார்களாம். எங்கள் வீட்டிலும் கொஞ்சம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்றாராம். லாரியில் இடமில்லை என்றார்களாம்.

மன்னரின் முகம் இறுகியது. “குப்பைன்னா சொன்னாங்க? அப்ப நம்ம ரகசியச் சொல் வெளியில போயிடுச்சு. உள்ளுக்குள்ளயே ஒரு துரோகி இருக்கான்.”

மச்சான் சேர்மனைப் பார்த்தான். சேர்மன் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துடைப்பம் போட்ட லாரியைக் கண்டுபிடிக்க அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஊர்க்கோடியில் ‘நிர்மலவெளி இடத்தூய்மைத் தீர்வகம்’ என்று வீடு கட்டும் அளவுக்கு எழுத்துகள் வைத்த ஒரு போர்டு. அதன் கீழே தகரக் கொட்டகை, கண்ணாடி போட்ட ஓர் ஆபீஸ் அறை, பின்னால் இரும்பை நசுக்கும் மிஷின். அது அவ்வப்போது ஏப்பம் விடுவதுபோல் ஒரு சத்தம் எழுப்பியது. எழுப்பும்போதெல்லாம் மேஜைமேல் இருந்த டம்ளர் சற்றே நகர்ந்தது.

மேனேஜரம்மா கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். கார்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். கண்ணாடியைப் போடாமலே படித்தார். நாங்கள் குப்பை அள்ளுவதில்லை, இடங்களுக்கு விடுதலை தருகிறோம் என்றார். மன்னருக்கு அவரை உடனே பிடித்துப் போனது.

ஆம், சேர்மன் வீட்டு வேலையைச் செய்தது அவர்கள்தான். மறைக்க எதுவும் இல்லை. முந்தின நாள் போனில் ஆர்டர் வந்தது. பேர் சொல்லாத ஓர் ஆண் குரல். நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பதற்காக எல்லா போனையும் அவர்கள் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள்.

“போடுங்க,” என்றார் மன்னர். “குரலை வெச்சே ஆளோட ஜாதகத்தை எழுதிடுவேன்.”

மேனேஜரம்மா போட்டார். கொஞ்சம் இரைச்சல். பிறகு அந்தக் குரல்.

“ஒரு லோடு குப்பை. சேர்மன் வீட்டு முன்வாசல். நாளைக் காலை. பரம ரகசியம்.”

டொக்.

மன்னர் கண்ணை மூடிக்கொண்டார். ஆசாமி தன்னைப் பற்றி மிகப் பெரிதாக நினைத்துக்கொண்டிருப்பவன் என்றார். வீட்டில் மரியாதை கிடையாது, அதைப் போனில் எடுத்துக்கொள்கிறான். மூக்கால் பேசுகிறான். படிப்பு குறைவு, இருக்கும் அறிவையும் சரியாகப் பயன்படுத்தத் தெரியாதவன். பெரும்பாலும் ஒரு தோல்வியாளன். இப்படிப்பட்டவன் சொந்தமாக யோசிக்க மாட்டான், பின்னால் ஒரு மூளை இருக்கிறது என்று முடித்தார்.

மச்சான் மேஜைப் பக்கம் காதைச் சாய்த்தான். 

“பின்னாடி ஒரு குரல் இருக்கு, அத்தான். மேடம், இன்னொரு தடவை போடுங்க. கடைசியில கொஞ்சம் சத்தமா.”

மீண்டும் இரைச்சல். ஒரு லோடு குப்பை. முன்வாசல். நாளைக் காலை. பரம ரகசியம். டொக்குக்கு முன்னால், தூரத்தில் ஒரு பெண் குரல்: “பல்லை விளக்கிட்டு வந்து போன் பேசினா என்ன குறைஞ்சிடும்?”

“அது எங்க அக்கா,” என்றான் மச்சான்.

பின்னால் மிஷின் ஒருமுறை ஏப்பம் விட்டது. டம்ளர் நகர்ந்தது. தம் குரல் இப்படி இருக்காது என்றுதான் மன்னர் முதலில் சொன்னார். 

மன்னருக்கு ஒரு கொள்கை இருந்தது. துப்பறிவாளன் சொற்களைச் செலவழிக்கக் கூடாது, முக்கியமாகப் போனில். நம் மொழியிலோ ஒரு வாக்கியத்தின் தலையெழுத்து கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. போட வேண்டுமா, எடுக்க வேண்டுமா, வைக்க வேண்டுமா, கொளுத்த வேண்டுமா என்பது எல்லாம் முடிகிற இடத்தில்தான் தெரியும். மன்னர் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே போனை வைத்துவிடுவார்.

நடந்தது இவ்வளவுதான். பீங்கானையும் மெத்தையையும் தாண்டி இன்னும் இயல்பாக இருக்கட்டும் என்று, காரைச் சுற்றி ஒரு லோடு குப்பை கொட்டி வைக்க அவர் ஆசைப்பட்டிருக்கிறார். அதுதான் அந்த முத்தாய்ப்பு. சுவரில் ‘குப்பையா? கூப்பிடுங்கள்’ என்று ஒட்டியிருந்த நோட்டீஸில் பெயர் எதுவும் இல்லை, நம்பர் மட்டும் இருந்தது. குப்பை கைவசம் வைத்திருப்பவர்கள் போலிருக்கிறது என்று எண்ணிக் கூப்பிட்டிருக்கிறார்.

“போடணும்னுதான் அர்த்தம்,” என்றார் மன்னர், ஏறக்குறையத் தமக்குள்.

“வீட்டு வாசல்ல குப்பை போடுன்னு காசு குடுத்து எவன் சார் கேப்பான்?” என்றார் மேனேஜரம்மா. “நாங்க போய்ப் பாத்தோம். குப்பை இருந்தது. எங்க பசங்களே அசந்துட்டாங்க, இவ்ளோ மோசமான ஒண்ணை நாங்க எடுத்ததே இல்லைன்னு.”

மன்னரின் வாழ்க்கையில் அவர் மாறுவேடக் கலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். டீ மேஜை உயரத்துக்கு ஒரு கட்டி. ஒரு பக்கம் மெத்தையின் ஸ்பிரிங் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், களிமண் உதிர்ந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சை.  மன்னர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, முதலிலிருந்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் மச்சான்தான் பேச்சை ஆரம்பித்தான். பெரிய கும்பல், கடல், கண்டெய்னர் என்று ஏதாவது சொல்லிவிடலாம், சங்கத்துச் செயலாளர் கார் போனது ஊருக்கே தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றான். மன்னர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“அந்தாளு விக்கலைன்னு நிரூபிக்கறதா சொன்னேன்டா. இப்ப என்கிட்ட நிரூபணம் இருக்கு. அது நானா இருக்கறதுதான் கஷ்டம்.”

சொல்வதென்றால் அவர் வாழ்நாளில் கடைசிச் சொல் வரைக்கும் யோசித்துச் சொன்ன முதல் வாக்கியம் அது.

சேர்மனிடம் உண்மையைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சாப்பாட்டு அறையில் ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நான் விற்கவில்லை என்பது உறுதிதானே என்று மட்டும் கேட்டார். உறுதி என்றார் மன்னர். அதைத் தம்பியிடம் நேருக்கு நேர் சொல்வீர்களா என்றார். சொல்வேன் என்றார். சேர்மன் எழுந்து போய் முகம் கழுவி, கறுத்த காதைத் தேய்த்துத் தேய்த்துச் சிவப்பாக்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் அன்று கொஞ்சம் நம்பிக்கை இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் சில நிமிடங்களைத்தான் சொல்ல வேண்டும்.

தம்பி டாக்சியில் வந்து இறங்கினார். கையில் சின்னப் பெட்டி. அவரும் தலைக்குச் சாயம் போட்டிருந்தார், அதே கறுப்பு. அண்ணன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முன்வாசலைத்தான் பார்த்தார். பெருக்கிச் சுத்தமாக இருந்தது.

மன்னர் முன்னால் வந்தார். கார்டை நீட்டினார். எதையும் விடவில்லை: சித்தாந்தம், களிமண், பீங்கான், ரகசியச் சொல், நோட்டீஸ், போன். தவறு முழுக்கத் தம்முடையது, அண்ணன் குற்றமற்றவர் என்றார். வேண்டுமானால் குரல் பதிவு இருக்கிறது, போட்டுக் காட்டலாம் என்றார்.

தம்பி பொறுமையாகக் கேட்டார். கார்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

“திருட்டுப் போச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேண்ணா. நாட்டுல நடக்கறதுதானே. இந்த அளவுக்கு ஒரு முட்டாள் இருப்பான்னு என்னை நம்பச் சொல்றியா? நடிக்கிறதுக்கு ஆள் பிடிச்சதுதான் பிடிச்ச, கார்டுல மன்னர்னு போடாத ஆளாப் பாத்துப் பிடிச்சிருக்கலாம்.”

“சத்தியமா நான் நிஜமான ஆள் சார்,” என்றார் மன்னர்.

“நல்லாத்தான் பண்றீங்க,” என்றார் தம்பி. “ஆனா கதை எழுதினவன் சரியில்ல.”

மச்சான் வாய் திறந்தான். தம்பி அவனையும் ஒரு பார்வை பார்த்தார். துணை நடிகரைப் பார்ப்பதுபோல. அவன் மூடிக்கொண்டான்.

 டாக்சி இன்னும் போகாமல் நின்றிருந்தது. போகச் சொல்லித் தம்பி கையைக் காட்டவில்லை என்பதை மற்ற மூன்று பேருமே கவனித்தார்கள். சேர்மன் தம்பியின் பெட்டியைப் பார்த்தார். இரண்டு நாளைக்கு ஆகும் துணி அதில் இருந்திருக்கும்.

“ஆமாண்டா,” என்றார் சேர்மன். “வித்துட்டேன்.”

தம்பியின் தோள் இறங்கியது. வெகுகாலம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்தவர்போல இருந்தார். “ஹார்மோனியம்?”

“அதையும்தான்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்லண்ணா,” என்றார் தம்பி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ரெண்டு பேருமா அதுல உக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு நினைச்சுட்டு வந்தேன்.” பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்சிக்கு நடந்தார். கார்டை மட்டும் வாசல் திண்ணைமேல் வைத்துவிட்டுப் போனார்.

டாக்சி தெருமுனை திரும்பும்வரை சேர்மன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகும் நின்றார். எதிர்வீட்டில் தையல் மிஷின் ஓடுவது நின்றுபோயிருந்தது.

ஏதாவது பேச வேண்டுமே என்று மச்சான், ரவுண்டு போயிருந்தால் எதுவரைக்கும் போயிருப்பீர்கள் சார், யார் ஓட்டுவது, நீங்களா அவரா என்று கேட்டான்.

சேர்மன் யோசித்தார். அப்பா உயிரோடு இருந்தவரை இருவரையுமே ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை என்றார். அதற்குப் பிறகு யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

அண்ணன் தம்பி இருவருக்குமே கார் ஓட்டத் தெரியாது.